கச்சா கிளிசரின்: நிறத்தைக் கடைசியில் கவனியுங்கள்

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். பயோடீசல் தயாரித்தபோது அடியில் தேங்கிய கரும்பழுப்புக் கிளிசரின் உங்களிடம் இருக்கிறது. அதில் ஆக்டிவேட்டட் கரியைப் போட்டுச் சூடாக்கி வடிகட்டப் பார்த்தீர்கள். வடிதாள் அடைத்துக்கொண்டது, இறங்கிய கொஞ்சமும் பழுப்பாகவே இருந்தது. வேறொரு பகுதியில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினீர்கள். உடனே வெளுத்தது, பத்து நாளில் மஞ்சள் திரும்பிவிட்டது. இப்போது பொட்டாசியம் பெர்மாங்கனேட் போடலாமா, இல்லை வேறு ஏதாவது வேதிப்பொருள் உண்டா என்று கேட்கிறீர்கள்.

பெர்மாங்கனேட்டுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டவே வேண்டாம். தூளாக்கிய பெர்மாங்கனேட்டின்மேல் சில சொட்டுக் கிளிசரின் விழுந்தாலே சிறிது நேரத்தில் புகைந்து தானாகத் தீப்பற்றும். தீக்குச்சி இல்லாமல் நெருப்பு மூட்டிக் காட்ட வகுப்பறையில் செய்யும் சோதனையே அதுதான். பிளீச்சிங் பவுடர் வகையைச் சேர்ந்த கால்சியம் ஹைபோகுளோரைட்டும் கிளிசரினோடு சேர்ந்தால் இதே ஆபத்துதான். நைட்ரிக் அமிலத்தைப் பற்றி நினைக்கவே கூடாது. 1847இல் இத்தாலிய வேதியியலாளர் அஸ்கானியோ சோப்ரேரோ கிளிசரினை நைட்ரிக், கந்தக அமிலக் கலவையோடு சேர்த்துத்தான் நைட்ரோகிளிசரினைப் பெற்றார். கிளிசரினில் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கின்றன. வலுவான ஆக்சிஜனேற்றிகள் எல்லாம் நிறத்தைத் தொடுவதற்கு முன் கிளிசரினையே தாக்கும்.

உங்கள் பெராக்சைடு முயற்சி தோற்றதற்கும் பாதிக் காரணம் இதுதான். பெராக்சைடு நிறப்பொருள்களின் இரட்டைப் பிணைப்புகளை உடைத்து வெளுக்கச் செய்யும். ஆனால் அந்தச் சிதைவுகள் திரவத்துக்குள்ளேயே இருக்கும், எங்கும் போய்விடுவதில்லை. கூடவே கிளிசரினின் ஒரு சிறு பகுதி ஆக்சிஜனேற்றமடைந்து கிளிசரால்டிஹைடு, டைஹைட்ராக்சிஅசிட்டோன் போன்றவையாக மாறும். திரவத்தில் காரம் மிச்சமிருந்தால் இவை ஒன்றோடொன்று இணைந்து பழுப்பாகும். பாத்திரத்திலிருந்து வந்த துளி இரும்பு இருந்தாலும் போதும், பெராக்சைடு கட்டுக்கடங்காமல் வினைபுரியத் தொடங்கிவிடும். பத்தாம் நாள் நீங்கள் பார்த்த மஞ்சள் பழைய நிறம் அல்ல, பெரும்பாலும் நீங்களே உண்டாக்கிய புது நிறம். சோடியம் டைதயோனைட் போன்ற ஒடுக்கிகளும் இப்படித்தான். காற்றுப்பட்டால் நிறம் திரும்பும், போதாக்குறைக்குத் திரவத்தில் உப்பும் கூடும்.

கரி தோற்றதற்குக் காரணம் வேறு. உங்களிடம் இருப்பது நிறம் ஏறிய கிளிசரின் அல்ல. கிளிசரின், சோப்பு, மெத்தனால், மிச்சமான காரம், தண்ணீர், எண்ணெய்த் துளிகள் எல்லாம் கலந்த கூழ் அது. பயோடீசல் கலனின் அடியிலிருந்து எடுத்ததில் பல நேரம் பாதியளவுதான் கிளிசரின் இருக்கும். தண்ணீரில் கரையாத நிறப்பொருள்களை, அதாவது எண்ணெயிலிருந்து வந்த கரோட்டின், பச்சையம், பொரித்த எண்ணெயின் கருகிய பலபடிகள் ஆகியவற்றை, கிளிசரினுக்குள் தாங்கிப் பிடித்திருப்பதே சோப்புதான். சோப்பு இருக்கும்வரை நிறம் போகாது. அந்தக் கூழில் கரியைப் போட்டால் சோப்பும் கொழுப்பும் அதன் துளைகளை அடைத்துவிடும், வடிதாளையும் அடைத்துவிடும். ஆகவே முதல் வேலை சோப்பை உடைப்பது. நிறத்தைப் பற்றி அதுவரை யோசிக்கவே வேண்டாம்.

சோப்பை உடைப்பது என்றால் அமிலம் சேர்ப்பது. சோப்பு என்பது கொழுப்பமிலத்தின் சோடியம் அல்லது பொட்டாசியம் உப்பு. அதைவிட வலுவான அமிலத்தைச் சேர்த்தால் கொழுப்பமிலம் விடுபட்டு, கரையாமல் மேலே எண்ணெயாக மிதக்கும். வருகிற வழியில் நிறத்தின் பெரும்பகுதியையும் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடும். முதல் முறை இதைப் பார்க்கும்போது மனதுக்கு நிறைவாக இருக்கும்: ஒரே கருப்பாக இருந்தது சில மணி நேரத்தில் மூன்று அடுக்காகப் பிரியும். மேலே கரும் கொழுப்பமிலம், நடுவே தேன் அல்லது தேநீர் நிறத்தில் கிளிசரின், அடியில் உப்புப் படிவு.

எவ்வளவு அமிலம் என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். ஒரு சிறு அளவை எடைபோட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரையுங்கள். காரத்தில் இளஞ்சிவப்பாகும் காட்டியான பினால்ப்தலீன் சேர்த்து, அளவறிந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் இளஞ்சிவப்பு மறையும்வரை தரம்பாருங்கள், அதாவது சொட்டுச் சொட்டாகச் சேர்த்துச் செலவான அளவைக் குறியுங்கள். இது தனிக் காரத்தின் கணக்கு. பிறகு அதே குடுவையில் புரோமோபினால் நீலம் என்ற இன்னொரு காட்டியைச் சேர்த்து, நீலம் மஞ்சளாகும்வரை தொடருங்கள். இந்த இரண்டாம் அளவு சோப்பின் கணக்கு. ஓர் உதாரணம் சொல்கிறேன். 1 கிலோ கச்சாவில் தனிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 20 கிராமும் சோப்பு 150 கிராமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோப்பைப் பொட்டாசியம் ஓலியேட்டாக எடுத்துக்கொண்டால் முதலாவது 0.36 மோல், இரண்டாவது 0.47 மோல், ஆக மொத்தம் 0.83 மோல். இதை முறிக்க 98 விழுக்காட்டுக் கந்தக அமிலம் 41, 42 கிராம் போதும். பாஸ்பாரிக் அமிலம் என்றால், அது ஒரே ஒரு ஹைட்ரஜனை மட்டும் கொடுக்கும் நிலையில் கணக்கிட வேண்டும், 85 விழுக்காட்டு அமிலம் சுமார் 95 கிராம் ஆகும். மேலே மிதக்கப்போகும் கொழுப்பமிலம் சுமார் 130 கிராம். கணக்குக்கு மேல் கொஞ்சம் அமிலம் சேர்த்து, பிஎச் 3க்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துங்கள். கொழுப்பமிலங்கள் பிஎச் 5க்கு அருகில்தான் அரைகுறையாக விடுபடத் தொடங்கும், அங்கேயே நிறுத்தினால் சோப்பு மிச்சமாகும். பிஎச் தாளை நேராகக் கிளிசரினில் தோய்த்துப் பார்ப்பதில் பயனில்லை. கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் பத்து மடங்கு கரைத்துப் பாருங்கள்.

எந்த அமிலம் என்பதை உங்கள் பயோடீசலில் பயன்பட்ட காரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்றால் நான் பாஸ்பாரிக் அமிலத்தையே சொல்வேன். விலை கூடுதல்தான், ஆனால் படியும் பொட்டாசியம் பாஸ்பேட்டை உரமாகப் பயன்படுத்தலாம். பாஸ்பாரிக் அமிலம் கருக்கவும் செய்யாது. கந்தக அமிலம் குறைந்த அளவிலேயே வேலையை முடித்துவிடும். பொட்டாசியம் சல்பேட் கிளிசரின், மெத்தனால் கலவையில் மிகக் குறைவாகவே கரையும் என்பதால் உப்பும் நன்றாக வெளியேறும். ஆனால் அடர் கந்தக அமிலத்தை அப்படியே ஊற்றினால் அது விழுந்த இடத்தில் சூடேறிக் கிளிசரின் கருகும், நீங்கள் நீக்க வந்த நிறத்தை நீங்களே சேர்த்ததாகிவிடும். இரண்டு, மூன்று பங்கு தண்ணீரில் நீர்த்து ஆறவைத்து (அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் அல்ல), மெல்லிய ஒழுக்காக, கலக்கிக்கொண்டே சேர்க்க வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் மலிவு, எளிது. ஆனால் குளோரைடு உப்புகள் கிளிசரினில் கணிசமாகக் கரைந்து நிற்கும், பிறகு சூடாக்கும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் அரிக்கும். கண்ணாடிப் பாத்திரத்தில் சிறு அளவில் செய்பவருக்கு அது பரவாயில்லை.

மெத்தனாலை அமிலத்துக்கு முன் எடுப்பதா, பின் எடுப்பதா? பின்னால் எடுங்கள் என்பதே என் தீர்மானமான கருத்து. சோப்பு இருக்கும்போது மெத்தனாலைக் காய்ச்சி எடுத்தால் நுரை பொங்கிக் குளிர்விப்பான்வரை ஏறிவிடும். அதோடு காரம் உயிரோடு இருக்கும்போது மெத்தனாலை வெளியேற்றினால் வினை பின்னோக்கித் திரும்பும்: மிச்சமிருக்கும் மீத்தைல் எஸ்டர், அதாவது பயோடீசல், கிளிசரினோடு சேர்ந்து மோனோகிளிசரைடாகிவிடும், அதைப் பிரிப்பது இன்னும் கடினம். அமிலம் சேர்க்கும்போது மெத்தனால் இருந்தால் திரவம் இளகியிருக்கும், அடுக்குகள் விரைவாகப் பிரியும், உப்பும் நன்றாகப் படியும். கொழுப்பமிலத்தை மேலிருந்து பிரித்து, உப்பை வடிகட்டி, பிறகு கிளிசரின் அடுக்கைப் பிஎச் 4.5 அளவுக்கு உயர்த்தி, மெத்தனாலைக் காய்ச்சி எடுங்கள். தனி மெத்தனால் 64.7 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். கிளிசரினோடு கலந்திருக்கும்போது கடைசிப் பங்கு அவ்வளவு எளிதில் வராது, 100 டிகிரியைத் தாண்டியோ லேசான வெற்றிடத்திலோதான் வரும். மெத்தனால் ஆவி நஞ்சு, எளிதில் தீப்பற்றக்கூடியது. திறந்த பாத்திரத்தில் அடுப்பின்மேல் வைத்து விரட்டும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது உயிருக்கு ஆபத்து. மூடிய அமைப்பு, குளிர்விப்பான், சுடர் இல்லாத சூடேற்றி, காற்றோட்டம் ஆகிய நான்கும் இல்லாமல் இந்தப் படியைத் தொடாதீர்கள்.

இந்த வரிசை இன்று நேற்றுத் தோன்றியதல்ல. சோப்புத் தொழிற்சாலைகளில் சோப்பைப் பிரித்தபின் மிஞ்சும் உப்பு நீரில் 8 முதல் 12 விழுக்காடு வரை கிளிசரின் இருக்கும். பயோடீசல் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அதைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். அங்கே செய்தது இது: ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் காரத்தை முறித்து, பெர்ரிக் குளோரைடோ அலுமினியம் சல்பேட்டோ சேர்ப்பார்கள். கரைந்திருக்கும் கடைசிச் சோப்பும் இரும்புச் சோப்பாகவோ அலுமினியச் சோப்பாகவோ மாறிக் கரையாமல் திரண்டுவிடும். திரளும்போது புரதம், பிசின், நிறப்பொருள் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். வடிகட்டியபின் காஸ்டிக் சோடா சேர்த்து, மிகுதியான இரும்பை ஹைட்ராக்சைடாகப் படியவைத்து மறுபடி வடிகட்டுவார்கள். நிறம் போக்குவதில் இந்த இரட்டைப் படிவுக்கு இருக்கும் வலுவைப் பலரும் உணர்வதில்லை. அமிலப் படிக்குப் பிறகும் உங்கள் கிளிசரின் பால்போலக் கலங்கியிருந்தால், அதைத் தண்ணீரில் இரண்டு மூன்று மடங்கு நீர்த்து, அலுமினியம் சல்பேட் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பாருங்கள். இரும்பைவிட அலுமினியம் நல்லது என்பேன், இரும்பு மிஞ்சினால் அதுவே மஞ்சள் தரும்.

இப்போதுதான் கரியின் முறை. கரி நிறப்பொருள்களைச் சிதைப்பதில்லை, தன் பரப்பில் ஒட்டவைத்து வெளியே எடுத்துவிடுகிறது. பெராக்சைடைவிட அது மேலானது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுவே. ஒரு கிராம் நல்ல கரியின் உட்பரப்பு 500 முதல் 1,500 சதுர மீட்டர் வரை இருக்கும். ஆனால் பரப்பு எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். தண்ணீர் வடிகட்டும் கரியில் நுண்துளைகளே அதிகம், சிறு மூலக்கூறுகளை எவ்வளவு பிடிக்கும் என்று காட்டும் அயோடின் எண் உயர்வாக இருக்கும். கிளிசரினின் நிறம் பெரிய மூலக்கூறுகளால் ஆனது, அவை நுண்துளைக்குள் நுழையாது. நடுத்தரத் துளைகள் மிகுந்த, சர்க்கரைப் பாகை வெளுக்கப் பயன்படும் வகைக் கரியைக் கேட்டு வாங்குங்கள். அமிலத்தால் கழுவியதாக இருக்கட்டும். கழுவாத கரியின் சாம்பலிலிருந்து இரும்பும் கால்சியமும் கிளிசரினில் இறங்கும்.

சூடும் பிஎச்சும் முக்கியம். 20 டிகிரியில் தூய கிளிசரினின் பிசுக்குத்தன்மை தண்ணீரைப்போல் சுமார் 1,400 மடங்கு. 60 டிகிரியில் அது, அதே 20 டிகிரித் தண்ணீரோடு ஒப்பிட்டால், சுமார் 80 மடங்காக இறங்கிவிடுகிறது. குளிர்ந்த கிளிசரினில் நிறமூலக்கூறு கரியின் துளையைத் தேடி நகரவே நெடுநேரம் ஆகும். 70, 80 டிகிரியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை கலக்குங்கள். அதற்கு மேல் கலக்குவதால் பெரிய லாபம் இல்லை. பிஎச் 4, 5 என்று லேசான அமிலமாக இருப்பது நல்லது. பழுப்பு நிறப்பொருள்களில் பல வலுவற்ற அமிலங்கள். காரத்தில் அவை அயனியாகிக் கரைசலிலேயே தங்கும், அமிலத்தில் மின்னூட்டம் இழந்து கரியில் ஒட்டும். மெத்தனாலுக்கு முன் பிஎச்சை 4.5இல் நிறுத்தச் சொன்னது இதற்காகவும்தான்.

அளவு பொதுவாகக் கிளிசரின் எடையில் 0.5 முதல் 2 விழுக்காடு. முதலில் 100 மில்லிலிட்டர் மாதிரிகளில் 0.25, 0.5, 1, 2 விழுக்காடு என்று போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரு நுட்பத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: மொத்தக் கரியையும் ஒரே தடவையில் போடாதீர்கள். கரி எவ்வளவு நிறத்தை ஏந்தும் என்பது அதைச் சுற்றியுள்ள திரவம் எவ்வளவு கருப்பு என்பதைப் பொறுத்தது. பாதியைப் போட்டு வடிகட்டி, மீதிப் பாதியைப் புதிதாகப் போட்டால், முதல் பாதி கருந்திரவத்தில் வயிறு நிறைய ஏந்தும், இரண்டாம் பாதி வெளிறிய திரவத்தை மெருகேற்றும். இரண்டாம் தடவையில் பயன்பட்ட கரி இன்னும் முழுதாகத் தீர்ந்திருக்காது. அடுத்த கச்சாவுக்கு அதை முதல் கரியாகப் பயன்படுத்தலாம். அதே அளவு கரியில் கிடைக்கும் வெளுப்பு கண்ணுக்கே தெரியும்படி கூடும்.

வடிகட்ட வடிதாள் மட்டும் போதாது. டயட்டோமைட் பொடியை (நுண்பாசிகளின் ஓடுகளாலான வடிகட்டும் மண்) சூடான கிளிசரினில் கலக்கி வடிதாளின்மேல் ஒரு மெல்லிய படுகையாகப் படியவிட்டு, அதன்பின் கரிக் கலவையை ஊற்றி வெற்றிடத்தில் இழுங்கள். முதலில் இறங்கும் கொஞ்சம் கரித்தூளோடு கலங்கலாக வரும், அதைத் திரும்ப மேலே ஊற்றிவிடுங்கள். பெரிய கலன்களில் வேலை செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஈரமான ஆக்டிவேட்டட் கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். கரி நிரம்பிய மூடிய கலனுக்குள் அப்படியே இறங்கியவர்கள் மூச்சுத்திணறி இறந்திருக்கிறார்கள்.

இதுவரை வந்தால் உங்களிடம் வெளிர் மஞ்சளான, தெளிந்த கிளிசரின் இருக்கும். பெரும்பாலான தேவைக்கு இது போதும். ஆனால் தெளிந்ததெல்லாம் தூயதல்ல. கரி உப்பைத் தொடாது. கரைந்த சல்பேட், பாஸ்பேட், குளோரைடு எல்லாம் நிறமின்றி உள்ளே இருக்கும். சில கிராமைப் பீங்கான் மூசையில் (சூடு தாங்கும் சிறு கிண்ணம்) எரித்துப் பாருங்கள், மிஞ்சும் வெண்சாம்பல் உண்மையைச் சொல்லும். நீர்த்த கரைசலில் சில்வர் நைட்ரேட் குளோரைடையும், பேரியம் குளோரைடு சல்பேட்டையும் காட்டிக்கொடுக்கும். அடர்த்தியையோ ஒளிவிலகல் எண்ணையோ மட்டும் நம்ப வேண்டாம், உப்பும் அவற்றை உயர்த்தும். தூய கிளிசரினின் ஒளிவிலகல் எண் 20 டிகிரியில் சுமார் 1.474, அடர்த்தி சுமார் 1.26.

உப்பை நீக்க இரண்டு வழிகள். ஒன்று, உப்பின் அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் அயனிப் பரிமாற்றப் பிசின். கிளிசரினைத் தண்ணீரில் 20 முதல் 40 விழுக்காடாக நீர்த்து, வலு அமில வகை நேரயனிப் பிசின், அதன்பின் எதிரயனிப் பிசின் என்று வரிசையாகச் செலுத்த வேண்டும். எதிரயனிப் பிசின் மிச்ச நிறத்தையும் பிடித்துக்கொள்ளும், பெருந்துளை வகை என்றால் இன்னும் நன்றாக. ஆனால் வலுக்கார வகைப் பிசின் ஹைட்ராக்சைடு வடிவில் 60 டிகிரிக்கு மேல் தாங்காது. உப்பு சில விழுக்காடு இருந்தாலே பிசின் விரைவில் நிரம்பிவிடும், அடிக்கடி மீட்டெடுக்க வேண்டிவரும். ஏற்கெனவே உப்புக் குறைந்த கிளிசரினுக்கே அது ஏற்றது. அதன்பின் தண்ணீரை வேறு ஆவியாக்க வேண்டும்.

இன்னொரு வழி வெற்றிடத்தில் காய்ச்சி வடித்தல். முழுத் தூய்மைக்குத் தொழிற்சாலைகள் நம்புவது இதைத்தான். கிளிசரின் சாதாரண அழுத்தத்தில் 290 டிகிரியில் கொதிக்கும், ஆனால் அதற்கு முன்பே, 200 டிகிரி தாண்டியதும், சிதையத் தொடங்கும். 10 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் கொதிநிலை 167 டிகிரியாகவும், 1 மில்லிமீட்டரில் 125 டிகிரியாகவும் இறங்கும். இங்கே பிஎச் மறுபடி முக்கியமாகிறது. அமிலம் மிச்சமிருந்தால் கிளிசரின் நீரை இழந்து அக்ரோலீனாகும். கண்ணையும் மூக்கையும் எரிக்கும் கொடிய நஞ்சு அது. காரம் மிகுந்தால் பாலிகிளிசரால் உண்டாகிப் பாத்திரத்தின் அடியில் கருந்தாராகும். 7க்கும் 8க்கும் நடுவே நிறுத்தினால், ஆவியாகக்கூடிய சிறு கொழுப்பமிலங்களும் சோப்பாகக் கட்டுப்பட்டு அடியிலேயே தங்கும். நல்ல வெற்றிடப் பம்பும் அனுபவமும் இல்லாதவர்கள் இதைத் தனியாக முயல வேண்டாம். வடிந்து வந்ததற்கு மீண்டும் ஒரு சிட்டிகைக் கரி கொடுத்தால் நீர்போல் ஆகும். அந்த நிறத்தை அளக்கப் பயன்படும் பிளாட்டினம், கோபால்ட் அளவுகோலை ஆலன் ஹேசன் 1892இல் தண்ணீருக்காக உருவாக்கினார். சுத்திகரித்த கிளிசரின் அதில் பொதுவாக 10 அல்லது அதற்குக் கீழே இருக்கும்.

இதைச் சருமத்தில் பூசலாமா, மருந்தில் சேர்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. கூடாது. 1996இல் ஹைட்டியில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த கிளிசரின் குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப்பில் சேர்ந்து பல குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த நஞ்சும் நிறமற்றது, பாகானது, லேசாக இனிப்பது. கண்ணால் வேறுபாடே தெரியாது. மருந்துத் தரக் கிளிசரினில் அது 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்திருப்பது அதனால்தான். உங்கள் கிளிசரினில் அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. மெத்தனாலும் பொரித்த எண்ணெயின் சிதைவுகளும் மிஞ்சியிருக்கின்றனவா என்பதை உங்கள் கண் சொல்லாது என்கிறேன்.

கடைசியாக, இப்போது உங்களிடம் இருக்கும் இரண்டு பகுதிகளை என்ன செய்வது? கரி கலந்து அடைத்துப்போனதைக் கொட்டிவிடாதீர்கள். கரியோடு சேர்த்தே அமிலத்தால் முறியுங்கள். கொழுப்பமிலம் மேலே எழும், கரியில் ஒரு பங்கு அதோடு போய்விடும், மீதி வடிகட்டும்போது உப்போடு நிற்கும். பெராக்சைடு ஊற்றிய பகுதியை எக்காரணம் கொண்டும் நேராகக் காய்ச்சவோ வெற்றிடத்தில் வடிக்கவோ வேண்டாம். பொட்டாசியம் அயோடைடு, ஸ்டார்ச் தோய்த்த தாளால் சோதியுங்கள். நீலமானால் பெராக்சைடு இன்னும் இருக்கிறது என்று பொருள். தண்ணீரில் நீர்த்து, திறந்த பாத்திரத்தில், சூடாக்காமல், சிறிது கரியை ஒவ்வொரு சிட்டிகையாகப் போட்டுக் குமிழிகள் அடங்கும்வரை விடுங்கள். கரியே பெராக்சைடை ஆக்சிஜனாகவும் நீராகவும் உடைத்துவிடும். தாள் நீலமாகாத நிலை வந்தபிறகு, தரம்பார்த்தலிலிருந்து தொடங்கி மேலே சொன்ன அதே வரிசையில் போகலாம்.